நம்ம போன், நம்ம பேச்சு: பேர் யாருக்கு?

தோட்டத்தில் "பேர்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, அன்றன்று செக்ரோலில் விழுகிற பேர். முழுப்பேர் விழுந்தால் முழுநாள் சம்பளம். அரைப்பேர் என்றால் அரைநாள். மற்றது, நாலு பேர் நம்மைப் பற்றிச் சொல்லும் நல்ல பேர், கெட்ட பேர். முன்பெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலி இருந்தது. மலையில் வேலை செய்தால் பேர் விழும். மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து கங்காணியைத் திட்டினாலும், துரையைப் போல நடந்து காட்டிச் சிரித்தாலும், அந்தப் பேச்சு அந்த லயத்தோடு போய்விடும். மறுநாள் காலை பிரட்டுக்குப் போனால் பேர் வழக்கம் போல விழும்.

இன்று அந்த வேலி இல்லை. வீட்டுக்கு ஒரு போனாவது இருக்கிறது. பேஸ்புக், வட்ஸ்அப், டிக்டொக், யூடியூப் என்று பிள்ளைகள் மட்டுமல்ல, அம்மாமாரும் பார்க்கிறார்கள், போடுகிறார்கள். லயத்து வாசலில் சொன்ன பேச்சு ஊரைத் தாண்டி, கொழும்பைத் தாண்டி, நம்முடைய தேயிலையை வாங்குகிறவன் கண்ணிலும் படுகிறது. அதனால் நாம் போடுவது நாம் வேலை செய்யும் இடத்தின் பேரையும் தொடுகிறது; அங்கிருந்து திரும்பி வந்து நம்முடைய பேரையும் தொடுகிறது. இது எப்படி நடக்கிறது, எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது, நியாயமான குறை இருந்தால் அதை எப்படிச் சொல்வது என்பவற்றை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பேச்சு போகும் தூரம்

"அண்ணே, நம்ம போன்ல நம்ம போடுறோம். அதுல கம்பனிக்கு என்னா வந்துச்சு?" என்று இளைஞர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். பதிலை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

ஸ்டோரில் வேலை செய்யும் ஒரு தம்பி, ஓய்வு நேரத்தில் நண்பனோடு சேர்ந்து பத்து வினாடி வீடியோ எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டுக்கு நண்பன் செருப்புக் காலோடு தூள் குவியலின் மேல் ஏறி நின்று ஆடுகிறான். அந்தத் தூள் கழித்து எறியப்படும் கழிவுத் தூளாகக்கூட இருக்கலாம். ஆனால் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. பின்னால் அடுக்கியிருக்கும் பைகளில் தோட்டத்தின் பெயர் கொட்டை எழுத்தில் தெரிகிறது. தம்பியின் பேஸ்புக் பக்கத்தில் அவன் எங்கே வேலை செய்கிறான் என்றும் எழுதியிருக்கிறது. ஒருவன் அந்த வீடியோவை எடுத்து, மேலே வேறொரு வாசகத்தைப் போட்டு, தன் பக்கத்தில் விடுகிறான். இன்னொருவன் அதைச் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதி விடுகிறான். தம்பி பயந்துபோய் தன்னுடைய வீடியோவை அழித்துவிடுகிறான். ஆனால் மற்றவர்கள் எடுத்து வைத்த பிரதியை அவனால் அழிக்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, நாம் எந்த எண்ணத்தில் போட்டோம் என்பது வீடியோவோடு சேர்ந்து போவதில்லை. இரண்டாவது, பெயரை நாம் எழுதாவிட்டாலும் பை, லொறி, பெயர்ப்பலகை, யூனிபோம் ஆகியவை இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். மூன்றாவது, அழித்தாலும் அழியாது.

தோட்டத்தின் பேருக்கும் விலை உண்டு

கொழும்பில் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டில் தொடங்கியது. இன்றும் நடக்கிறது. 2020இல் கொரோனா காலத்தில் அது கணினி வழி ஏலமாக மாறியது. அங்கே நம்முடைய தூள் வெறும் "தேயிலை" என்று விற்கப்படுவதில்லை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மார்க் உண்டு. தூள் அந்த மார்க்கின் பேரில்தான் ஏலத்துக்குப் போகிறது. வாங்குகிறவர்கள் மாதிரியை ஊற்றிச் சுவைத்துப் பார்க்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் "இந்த மார்க்கை நம்பி வாங்கலாம்" என்ற எண்ணம் ஒரே நாளில் வந்ததல்ல. நம் பாட்டிமார் காலத்திலிருந்து மட்டமான கொழுந்தை எடுத்து, முற்றிய இலையைத் தள்ளி, கொழுந்து மடுவத்தில் நிறுத்துக் கொடுத்துச் சேர்த்த பேர் அது. அந்தப் பேரில் கம்பனிக்குப் பங்கு உண்டு; நமக்கும் பங்கு உண்டு.

இதற்கு மேல், வெளிநாட்டுக் கம்பனிகள் பல, சான்றிதழ் பெற்ற தோட்டங்களின் தூளையே விரும்பி வாங்குகின்றன. பெட்டியில் பச்சைத் தவளைப் படம் போட்டு வரும் ரெயின்போரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ் அவற்றில் ஒன்று. ஸ்டோரின் சுத்தம், தொழிலாளரை நடத்தும் விதம், மருந்து தெளிக்கும் முறை எல்லாவற்றையும் பார்த்துத்தான் அந்தச் சான்றிதழ் தரப்படுகிறது. நம் நாட்டுத் தேயிலை ஏற்றுமதி 2024இல் 140 கோடி டொலருக்கு மேல் சம்பாதித்தது. இவ்வளவு பணமும் கடைசியில் தங்கியிருப்பது, "இது சுத்தமான தேயிலை, நியாயமாகச் செய்த தேயிலை" என்று தூரத்தில் இருக்கும் ஒருவர் நம்புவதில்தான்.

ஒரு பொய்யான வீடியோவால் நாளைக்கே சம்பளம் குறைந்துவிடும் என்று நாம் பயமுறுத்த வரவில்லை. ஆனால் மார்க்கின் விலை இறங்கினால், சம்பளப் பேச்சு வரும்போது அந்த விலையைத்தான் காரணமாகக் காட்டுவார்கள் என்பதைத் தோட்டத்தில் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெளியுலகில் நடந்தவை

மேலே சொன்னது கற்பனை உதாரணம். ஆனால் அதைப் போன்ற காரியங்கள் உண்மையிலேயே நடந்திருக்கின்றன.

2009 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டொமினோஸ் பீட்சா கடையொன்றில் வேலை செய்த இருவர், சாப்பாட்டை அசுத்தம் செய்வது போல வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார்கள். அந்தச் சாப்பாடு யாருக்கும் கொடுக்கப்படவில்லை, எல்லாம் விளையாட்டு என்று பிறகு சொன்னார்கள். ஆனால் சில நாட்களுக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை அது பார்க்கப்பட்டுவிட்டது. கம்பனியின் தலைவரே யூடியூபில் தோன்றி மக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. இரண்டு பேருக்கும் வேலை போனது. பொலிஸ் வழக்கும் வந்தது. ஆயிரக்கணக்கான கடைகள் உள்ள கம்பனி அது. ஒரு சிறிய ஊரில், ஒரு கடையில், இரண்டு பேர் செய்த காரியத்துக்கு அத்தனை கடைகளின் பேரும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

2008இல் இங்கிலாந்தின் வேர்ஜின் அட்லாண்டிக் விமானக் கம்பனி, விமானத்தில் பணிபுரிந்த 13 பேரை நீக்கியது. அவர்கள் பேஸ்புக்கில் பயணிகளைக் கேவலமாகப் பேசியிருந்தார்கள். விமானத்தில் கரப்பான் பூச்சி இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். விமானத்தில் குறை இருந்தால் அதை மேலதிகாரியிடம் சொல்ல வழி இருக்கிறது, பேஸ்புக் அதற்கு இடமல்ல என்று கம்பனி சொன்னது. தங்கள் தொழிலைக் காப்பாற்றும் பயணிகளையே இழிவாகப் பேசியதால், மற்ற விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்திருந்தாலும் அதைக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.

2013 டிசம்பரில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கும். அமெரிக்கக் கம்பனியொன்றின் உயர் அதிகாரியான ஒரு பெண், லண்டனிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு விமானம் ஏறுமுன், ஆபிரிக்காவையும் எயிட்ஸ் நோயையும் வைத்து ஒரு கேலி வரியை டுவிட்டரில் போட்டார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் சுமார் 170 பேர் மட்டும். நம் தோட்டத்து வட்ஸ்அப் குறூப்பில்கூட அதைவிட அதிகமானவர்கள் இருக்கக் கூடும்! பதினொரு மணிநேரம் அவர் ஆகாயத்தில் இருந்தார். இறங்கும்போது அந்த வரி உலகம் முழுக்கப் பரவியிருந்தது. வேலை போயிற்று. அந்தக் கம்பனியின் தொழிலுக்கும் அந்தக் கேலிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் கம்பனியின் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் அந்தக் கேலியோடு சேர்ந்தே வந்தது.

"நமக்குள்ளதானே போட்டோம்"

"நான் எல்லாருக்கும் போடல்லங்க. நம்ம குறூப்புல மட்டும்தான் போட்டேன்" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். இதற்கும் ஒரு வழக்கு உண்டு. 2011இல் இங்கிலாந்தில் அப்பிள் கம்பனியின் கடையொன்றில் வேலை செய்த ஒருவர், தன் நண்பர்கள் மட்டும் பார்க்கும் பேஸ்புக் பக்கத்தில், கம்பனியின் போனைப் பற்றியும் தன் வேலையைப் பற்றியும் கெட்ட வார்த்தையில் எழுதினார். அந்த "நண்பர்களில்" ஒருவரே அதை மனேஜரிடம் கொடுத்துவிட்டார். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் தொழில் நீதிமன்றத்துக்குப் போனார். நீக்கியது சரிதான் என்று தீர்ப்பு வந்தது. நண்பர்களுக்கு மட்டும் போட்டாலும், அவர்கள் அதை வேறொருவருக்கு அனுப்புவதைத் தடுக்க முடியாது என்பது அங்கே கவனிக்கப்பட்ட ஒரு விஷயம். கம்பனியைப் பற்றி இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்பது மற்றொன்று.

வட்ஸ்அப்பும் அப்படித்தான். ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று 2019இல் அந்தக் கம்பனி கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனால் ஐந்து பேர் ஐந்து ஐந்தாக அனுப்பினால் இருபத்தைந்து. அந்த இருபத்தைந்து பேரும் ஐந்து ஐந்தாக அனுப்பினால் நூற்றி இருபத்தைந்து. அதுவும் தனி ஆட்களாக இல்லாமல் குறூப்புகளாக இருந்தால் கணக்குப் பார்க்கவே தேவையில்லை. அனுப்ப முடியாவிட்டால் திரையைப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆகவே குறூப்பில் போடுவதைப் பிரட்டுக்களத்தில் நின்று சத்தமாகச் சொல்வதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும்.

அப்போ வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், "தோட்டத்தின் பேர் கெட்டுப்போகும்" என்ற வார்த்தையை வைத்தே நியாயமான குறையைக்கூடப் பேசவிடாமல் செய்ய சிலர் பார்ப்பார்கள்.

நம் நாட்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, பேச்சுச் சுதந்திரத்தையும் தொழிற்சங்கம் அமைத்துச் சேரும் சுதந்திரத்தையும் பிரஜைகளுக்குத் தருகிறது. சட்டம் விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டாலும், அது உரிமைதான். போனில் பேசினால் அந்த உரிமை இல்லாமல் போய்விடுவதில்லை.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். 2010இல் பஃபலோ நகரில் ஒரு சமூக சேவை நிறுவனத்தில், "நீங்கள் யாரும் ஒழுங்காக வேலை செய்வதில்லை" என்று ஒரு சக ஊழியர் குறை சொன்னதைப் பற்றி, மற்ற ஊழியர்கள் தங்களுக்குள் பேஸ்புக்கில் பேசிக்கொண்டார்கள். ஐந்து பேரை நிறுவனம் நீக்கியது. 2012 டிசம்பரில் அந்த நாட்டின் தொழில் உறவுகள் சபை, அந்த ஐந்து பேரையும் மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும், இழந்த சம்பளத்தையும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. வேலை நிலைமையைப் பற்றித் தொழிலாளர்கள் சேர்ந்து பேசுவது அவர்களுடைய உரிமை, அதை பேஸ்புக்கில் பேசினாலும் உரிமையே என்பது காரணம். அது அமெரிக்கச் சட்டம். இங்கே அப்படியே செல்லாது. ஆனாலும் அப்பிள் கடை ஊழியரையும் இந்த ஐந்து பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. ஒருவர் தனியாக நின்று வசை பாடினார். மற்றவர்கள் வேலையைப் பற்றி, வேலை செய்கிறவர்களாகச் சேர்ந்து பேசினார்கள்.

இன்னொன்று நமக்கு மிக நெருக்கமானது. 2023 பெப்ரவரியில் பீ.பீ.ஸீ. தொலைக்காட்சி கென்யா நாட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. எழுபதுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள், மேற்பார்வை செய்கிறவர்களால் தங்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைப் பற்றிச் சொன்னார்கள். அதன்பின் தோட்டக் கம்பனிகள் சம்பந்தப்பட்ட ஆட்களை இடைநிறுத்தின. பெரிய வாங்குநர் ஒருவர் ஒரு கம்பனியிடம் தேயிலை வாங்குவதையே நிறுத்திவைத்தார்.

இங்கே தோட்டத்தின் பேரைக் கெடுத்தது யார்? வாய் திறந்த அந்தப் பெண்களா? இல்லை. கொடுமை செய்தவர்களும், அதைப் பார்த்தும் பாராமல் இருந்தவர்களும்தான். உண்மையைச் சொல்கிறவர் பேரைக் கெடுப்பதில்லை. கெட்டிருந்த பேரை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார். பொய்யாலும், கேலியாலும், அவசரத்தாலும் கெடும் பேர் வேறு. அநியாயத்தால் கெடும் பேர் வேறு. இந்த இரண்டையும் தொழிலாளரும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நிர்வாகமும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குறையைச் சொல்லும் வழி

கழிவறை இல்லை, லயத்துக் கூரை ஒழுகுகிறது, கொழுந்து நிறுவையில் கிலோ வெட்டுகிறார்கள், ஒருவர் தகாத வார்த்தை பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோபத்தில் உடனே "லைவ்" போடுவது சுலபம். பத்தாயிரம் பேர் பார்ப்பார்கள், நூறு பேர் ஏசுவார்கள், மூன்றாம் நாள் எல்லாரும் மறந்துவிடுவார்கள். கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். போட்டவர் மட்டும் தனியாக மாட்டிக்கொள்வார்.

ஆகவே முதலில் எழுதி வையுங்கள். எந்தத் தேதி, எந்த மலை, எத்தனை கிலோ, யார் பார்த்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதினால் போதும். சம்பளச் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கூரையையோ சுவரையோ படம் எடுத்தால், அதைப் போடுவதற்காக அல்ல, சாட்சியாக வைத்துக்கொள்ள எடுங்கள். பிறகு தலைவரிடமோ, மாதர் சங்கத் தலைவியிடமோ, வெளிக்கள உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். சரிவராவிட்டால் பெரிய துரைக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சங்கத்தின் மாவட்டக் காரியாலயம் உண்டு; தொழில் திணைக்களத்தின் அலுவலகம் உண்டு. நம் தோட்டம் சான்றிதழ் பெற்றதானால், முறைப்பாடு சொல்வதற்கென்று ஒரு வழியை நிர்வாகம் வைத்திருக்கவே வேண்டும், முறைப்பாடு செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் ரெயின்போரஸ்ட் அலையன்ஸ் விதிகளில் உள்ளது. "அந்த முறைப்பாட்டு வழி எது?" என்று கேட்பது தொழிலாளரின் உரிமை.

பெண் பிள்ளைகளுக்குத் தொல்லை என்றால் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. சிறுவர்களுக்கு 1929. பொலிஸிலும் நேரே முறையிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பொதுவெளியில் பேசத்தான் வேண்டுமென்றால், தனி ஆளாகப் பேசாமல் சங்கத்தோடு சேர்ந்து பேசுங்கள். நடந்ததை நடந்த அளவுக்குச் சொல்லுங்கள். ஒரு கூரை ஒழுகினால் ஒரு கூரை என்றே சொல்லுங்கள். தோட்டமே ஒழுகுகிறது என்று சொல்ல வேண்டாம். ஒன்றைக் கூட்டிச் சொன்னால், மீதி ஒன்பது உண்மையையும் பொய் என்று தள்ளிவிட எதிர்த்தரப்புக்கு வழி கிடைத்துவிடும். ஒருவரைப் பற்றிப் பொய்யாக எழுதினால் மானநஷ்ட வழக்கும் வரலாம். இன, மத வெறுப்பைத் தூண்டும் விதமாக எழுதுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குற்றம். பொய்யான கூற்றுகளை இணையத்தில் பரப்புவது பற்றி 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் கொண்டுவரப்பட்டது.

ஒருவேளை ஏதோ ஒன்றைப் போட்டதற்காக விசாரணைக் கடிதம் வந்தால், பயந்து அதே இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கடிதத்தை வாங்கி, சங்கத்தில் காட்டி, பதிலை எழுத்தில் கொடுங்கள். வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் நியாயசபைக்குப் போகும் வழி உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால், தாமதிக்காமல் விசாரிக்க வேண்டும்.

வெளியே வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு

இன்று நம்முடைய பிள்ளைகள் தோட்டத்தில் மட்டும் இல்லை. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும், வலயங்களில் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருக்கும் புது மாதிரி உடுப்பை செல்ஃபியில் பிடித்துப் போட்டால், வாங்குகிற கம்பனி கடைக்குக் கொண்டுவருமுன் அந்த மாதிரி வெளியே போய்விடும். பிள்ளைக்கு அது ஒரு படம். தொழிற்சாலைக்கு அது வாக்குத் தவறிய விஷயம். ஹோட்டலில் தங்க வந்தவரைப் படம் எடுத்துப் போடுவதும் அப்படியே.

படித்து ஆசிரியராகவோ, கிராம உத்தியோகத்தராகவோ ஆன பிள்ளைகளும் கவனிக்க வேண்டியது உண்டு. அரசாங்க ஊழியர்கள் சமூக ஊடகங்களில் தங்கள் கருத்தை வெளியிடுவது தாபனக் கோவையின்படி ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உரியது என்று 2022 செப்டெம்பரில் பொது நிருவாக அமைச்சு சுற்றறிக்கை விட்டது. அது பேச்சுச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று அப்போது எதிர்ப்பும் எழுந்தது. எது எப்படியானாலும், எழுதுமுன் விதியை அறிந்திருப்பது நல்லது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது வளைகுடா நாடுகளில் வீட்டு வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போனவர்களின் நிலைமை. வேலை செய்யும் வீட்டை, அந்த வீட்டுப் பிள்ளைகளை, அம்மாவை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். அன்பாகத்தான் எடுக்கிறார்கள். ஆனால் ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இணையக் குற்றச் சட்டத்தின்படி, ஒருவருடைய அனுமதி இல்லாமல் அவரைப் படம் எடுப்பதும் பரப்புவதும் குற்றமாகலாம். தண்டனை குறைந்தது ஆறு மாதச் சிறை, அல்லது ஒன்றரை இலட்சம் முதல் ஐந்து இலட்சம் திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வீட்டு வேலை செய்கிற ஒருவர் அந்த அபராதத்தை ஆயுள் முழுக்க உழைத்தாலும் கட்டுவது கடினம். இங்கே இருக்கும் குடும்பத்தாரும் "அந்த வீட்ட ஒருக்கா வீடியோ எடுத்து அனுப்பு புள்ள" என்று ஆசைப்பட்டுக் கேட்காமல் இருப்பதே அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உதவி. கொடுமை நடந்தால் கதை வேறு. அப்போது இலங்கைத் தூதரகத்துக்கும், இங்குள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை

எதைப் படம் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று தமிழில், தெளிவாக, பிரட்டுக்களத்திலும் ஸ்டோர் வாசலிலும் எழுதிப் போடுங்கள். சொல்லித் தராத விதிக்குத் தண்டனை கொடுப்பது நியாயமல்ல. ஒரு வீடியோ வெளியே வந்தால் "யார் போட்டது?" என்று தேடுமுன், "அதில் இருப்பது உண்மையா?" என்று தேடுங்கள். உண்மையானால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தொழிலாளியின் குறையைக் கேட்கும் மேசை ஒன்று தோட்டத்தில் இருந்தால், அவர் அதைப் பேஸ்புக்கில் கொண்டுபோய் வைக்க வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

போடுமுன் ஐந்து கேள்விகள்

வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த ஐந்தையும் பேசிப் பாருங்கள்.

1. இது உண்மையா? நானே கண்டதா, இல்லை யாரோ அனுப்பியதா?

2. இதில் வேறு யாருடைய முகம் இருக்கிறது? அவர்களைக் கேட்டேனா? பிள்ளை மடுவத்துப் பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனைக் கேட்டேனா?

3. படத்தில் தோட்டத்தின் பெயர், பை, லொறி, யூனிபோம் தெரிகிறதா? தெரிந்தால், பார்க்கிறவர் வேலை இடத்தைப் பற்றி என்ன நினைப்பார்?

4. இதையே நாளைக் காலை பிரட்டில் எல்லார் முன்னாலும் நின்று சொல்வேனா?

5. எனக்கு வேண்டியது என்ன? நாலு "லைக்கா", இல்லை குறை தீர வேண்டுமா? குறை தீர வேண்டுமானால் இது சரியான இடமா?

இந்தக் கேள்விகளுக்கு ஒரு நிமிஷம் போதும். கோபத்தில் இருந்தால் மட்டும் ஒரு இரவு பொறுங்கள். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி வாசித்துப் பார்த்து, அப்போதும் சரி என்று பட்டால் அதற்கு ஒரு நியாயம் இருக்கும்.

பேசுகிறவனின் வாயை அடைக்க இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. இந்த மலைநாட்டில் நம் மக்களின் குரல் கேட்பதற்கே நெடுங்காலம் பிடித்தது. இப்போது கையில் இருக்கும் போன் அந்தக் குரலை உலகம் வரை கொண்டுபோகிறது. அது பெரிய பலம். அந்தப் பலத்தைப் பத்து வினாடி விளையாட்டுக்குச் செலவழித்தால், உண்மையாகவே ஒரு அநியாயம் நடந்து நாம் வாய் திறக்கும் நாளில், "இவுங்க எப்பவும் இப்புடித்தான்" என்று உலகம் கேளாமல் போய்விடும். அந்த நாளுக்காகவாவது நம் சொல்லுக்கு ஒரு மதிப்பைச் சேர்த்து வைப்போம்.